அப்போது திடமாக நின்ற அக்கா இப்போது ஏன் தளர்ந்தார்?

தம்பி, நீங்கள் கனடாவில் ஸ்காபரோவில் இருந்து எழுதிய கேள்வியை இரண்டு மூன்று தரம் வாசித்தேன். அக்கா யாழ்ப்பாணத்தில் அரசாங்க ஆஸ்பத்திரி ஒன்றில் தாதி, 2021இல் கொரோனா விடுதியில் நின்றவர். அந்த நேரம் ஒரு நாளும் அழவில்லை, லீவு கேட்கவில்லை, வீட்டாருக்கு அவர்தான் தைரியம் சொன்னார். இப்போது நித்திரை இல்லை, சின்ன விஷயத்துக்கும் பிள்ளைகளில் எரிந்து விழுகிறார், டியூட்டி நாளில் காலையில் சத்தி வருகிறது, வேலையை விடப்போகிறேன் என்கிறார். "போரையே கண்ட சனம், கொரோனா எல்லாம் முடிந்த பிறகு இது என்ன வருத்தம்?" என்று முடித்திருந்தீர்கள். வருத்தத்தின் பெயரைத்தான் கேட்டிருக்கிறீர்கள். ஆனால் அக்கா மனபலம் இல்லாதவரோ, பழையபடி வருவாரோ என்ற பயம்தான் அந்தக் கேள்விக்குள் இருப்பதாக எனக்குப் பட்டது. அதற்கே பதில் எழுதுகிறேன்.

நான் மருத்துவர் இல்லை. மனநல விடுதியில் பதினான்கு வருடம் தாதியாக நின்றேன். பிறகு உளவளத்துணை படித்து, இந்த மாவட்டத்துக்குள்ளேயே அந்த வேலை செய்து வருகிறேன். 2020 கடைசியில் இருந்து என்னிடம் வந்தவர்களில் ஆஸ்பத்திரி ஊழியர்கள் நிறையப் பேர். கடிதத்தை வாசித்துவிட்டு இன்ன வருத்தம் என்று சொல்ல என்னால் முடியாது, ஆராலும் முடியாது. ஆனால் அக்காவைப் போல வந்தவர்களை எனக்குத் தெரியும்.

உறுதியாகத் தெரிந்ததில் இருந்து தொடங்குகிறேன். 2020 ஜனவரி கடைசியிலும் பெப்ரவரி தொடக்கத்திலும், வூகான் நகரிலும் சீனாவின் மற்றப் பகுதிகளிலும் உள்ள 34 ஆஸ்பத்திரிகளில் 1,257 மருத்துவர்களையும் தாதியரையும் கேட்டுப் பார்த்தார்கள். பாதிப்பேரிடம் மனச்சோர்வின் அறிகுறிகள் இருந்தன, நூற்றுக்கு 45 பேரிடம் பதகளிப்பு, மூன்றில் ஒருவருக்கு நித்திரையின்மை. தாதியரும் பெண்களும் நோயாளிக்கு நேரே நின்றவர்களுமே கூடுதலாகப் பாதிக்கப்பட்டிருந்தார்கள். இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இவை வினாக்கொத்து நிரப்பி எடுத்த கணக்கு. அறிகுறி இருப்பது வேறு, வருத்தம் இருப்பது வேறு. வைத்தியர் நேரே இருந்து கதைத்துப் பார்த்தால் எண்ணிக்கை குறையும். ஆகவே பாதிப்பேருக்கு மனநோய் என்று ஆராவது சொன்னால் நம்ப வேண்டாம். பாதிப்பேர் கஷ்டப்பட்டார்கள் என்றால் நம்புங்கள்.

"முடிந்த பிறகு ஏன்" என்ற கேள்விக்கு உங்கள் ஊரிலேயே ஒரு பதில் இருக்கிறது. 2003இல் சார்ஸ் என்ற மூச்சுத் தொற்று வந்தபோது ரொறன்ரோவில் அது முதலில் பரவிய இடங்களில் ஒன்று ஸ்காபரோ கிறேஸ் ஆஸ்பத்திரி. அந்தத் தொற்று சில மாதங்களில் அடங்கிவிட்டது. ஒரு வருடம் முதல் இரண்டு வருடம் கழித்து, சார்ஸ் நோயாளிகளைப் பார்த்த ரொறன்ரோ ஆஸ்பத்திரி ஊழியர்களையும், சார்ஸ் வராத பக்கத்து ஹமில்டன் ஊழியர்களையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். ரொறன்ரோக்காரரிடம் களைப்பும் மனத்துயரும் அப்போதும் தெளிவாகக் கூடுதலாக இருந்தன. நோயாளிகளோடு செலவிடும் நேரத்தைக் குறைத்துக்கொண்டவர்கள், வேலை நேரத்தைக் குறைத்துக்கொண்டவர்கள், புகையும் குடியும் கூடியவர்கள் எல்லாம் அவர்களுக்குள் இருந்தார்கள். தங்களுக்குப் போதிய பயிற்சியும் ஆதரவும் கிடைத்தது என்று உணர்ந்தவர்கள் அவ்வளவு பாதிக்கப்படவில்லை. சில மாதத் தொற்றுக்கே அப்படி. எங்கள் ஆக்கள் இரண்டு வருடம் நின்றார்கள்.

அந்த வேலை எப்படி இருந்தது என்று வெளியில் இருப்பவர்களுக்குத் தெரியாது. யாழ்ப்பாணத்து வெயிலில், காற்றாடி மட்டும் சுற்றும் விடுதியில், அந்தப் பாதுகாப்பு உடுப்பைப் போட்டால் பத்து நிமிடத்தில் உள்ளுக்குள் வியர்வை ஓடும். அதைக் கழற்றினால்தான் மலசலகூடத்துக்குப் போகலாம் என்பதால், டியூட்டிக்குப் போகும் முன்பே தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிடுவார்கள். வீட்டுக்கு வந்தால் பின்பக்கத்தால் போய்க் கிணற்றடியில் குளித்துவிட்டுத்தான் உள்ளே. பிள்ளையைத் தூக்க முடியாது. அயலில் கதவைச் சாத்திக்கொண்டவர்களும் உண்டு. 2021 ஓகஸ்ட் கடைசியில் நாட்டில் ஒரு நாள் சாவு 200ஐத் தாண்டியது. இதெல்லாம் கடுமைதான். ஆனால் பயமும் உடல் களைப்பும் மட்டும் என்றால் கொஞ்சம் ஓய்ந்ததும் ஆறியிருக்கும். என்னிடம் வந்தவர்கள் வருடக்கணக்காகச் சுமந்தது வேறு.

ஒரு தாதியைச் சொல்கிறேன். அவர் சம்மதத்தோடு, அடையாளம் தெரியாமல் சிலதை மாற்றி எழுதுகிறேன். நைட் டியூட்டி. ஒரு வயதான ஐயா, முகமூடியில் ஒக்சிசன் போகிறது, மூச்சு எடுபடவில்லை. வெளிநாட்டில் இருந்து மகள் எடுக்கிறார். இவர் பொலித்தீனில் சுற்றிய போனை ஐயாவின் காதோடு பிடித்துக்கொண்டு நிற்கிறார். ஐயாவால் கதைக்க முடியாது. மகள் அங்கிருந்து தேவாரம் படிக்கிறார். பாதியில் பக்கத்துக் கட்டில்காரர் முகமூடியைப் பிடுங்கி எறிந்துவிட்டார். இவர் போனை ஐயாவின் நெஞ்சில் வைத்துவிட்டு அங்கே ஓடினார். திரும்பி வரப் பத்து நிமிடம் போயிருக்கும். தேவாரம் முடிந்திருந்தது, ஐயாவும் போய்விட்டார். போன் மட்டும் இன்னும் தொடர்பில். "அப்பா நித்திரையோ தங்கச்சி?" என்று மகள் கேட்க, இவர் "ஓம் அக்கா, நித்திரை" என்றார். விடிய ஐயாவின் மூக்குக்கண்ணாடி, பல்செட், ஒரு விபூதிப் பொட்டலம் மூன்றையும் ஒரு சொப்பிங் பையில் போட்டு, மேலே பெயர் எழுதிக் கட்டினார். ஆறரை மணிக்கு வெளியில் வந்து கைகழுவும்போது ரோட்டில் பாண் ஓட்டோ பாட்டுப் போட்டுக்கொண்டு போனதாம். இரண்டு வருடம் கழித்து என்னிடம் வந்தது ஏன் என்றால், காலையில் அந்தப் பாட்டுக் கேட்டால் நெஞ்சு படபடக்கிறது, கை விறைக்கிறது, பிள்ளைகளுக்குப் பாண் வாங்கக் கூடப் படலையடிக்குப் போக முடியவில்லை. நாலாம் முறை வந்தபோதுதான் "ஓம் அக்கா, நித்திரை" என்று சொன்னதைச் சொன்னார். அதுவரை புருஷனுக்குக் கூடச் சொல்லவில்லை.

அவர் பயந்தவர் இல்லை, வேலையில் பிழை விட்டவரும் இல்லை. இரண்டு பேருக்கு நடுவில் ஒரு ஆள் நின்றார், அவ்வளவுதான். ஆனால் தான் செய்திருக்க வேண்டியதைச் செய்யவில்லை என்ற குற்றவுணர்வு உள்ளே இறங்கிவிட்டது. வியட்நாம் போரில் இருந்து திரும்பிய சிப்பாய்களோடு வேலை செய்த ஜொனதன் ஷே என்ற அமெரிக்க மனநல மருத்துவர் இந்த மாதிரிக் காயத்தைப் பற்றித் தனியாக எழுதினார். தமிழில் மனச்சாட்சியின் காயம் என்று நான் சொல்லிக்கொள்வேன். இது மருத்துவ வகைப்பாட்டில் ஒரு நோய் கிடையாது. இதை எப்படி அளப்பது, மனச்சோர்வில் இருந்து எப்படிப் பிரிப்பது என்பதில் ஆய்வாளர்களுக்குள்ளேயே ஒற்றுமை இல்லை. என் அனுபவத்தில், கொரோனா விடுதியில் நின்றவர்களை விளங்கிக்கொள்ள இதைவிட உதவிய சொல் கிடையாது.

இனிச் சொல்லப்போவது என் சொந்தக் கருத்து. எங்கள் ஊரில் செத்தவீடு என்றால் எப்படி நடக்கும்? பிரேதத்தைக் குளிப்பாட்டி, வாய்க்கரிசி போட்டு, பேரப்பிள்ளைகள் பந்தம் பிடித்து, ஒப்பாரி வைத்து, காடாத்து, எட்டுச்செலவு, முப்பத்தொன்றில் அந்தியேட்டி என்று ஒவ்வொரு படியிலும் அழவும், சாப்பிடவும், பிறகு எழும்பவும் ஒரு ஒழுங்கு இருக்கிறது. கொரோனாவில் அதெல்லாம் அறுந்தது. மூடிக் கட்டிய பிரேதம், தூரத்தில் நின்று பார்த்த இரண்டு மூன்று பேர், நேரே எரிப்பு. முஸ்லிம் குடும்பங்களும், அடக்கம் செய்ய விரும்பிய கிறிஸ்தவக் குடும்பங்களும் 2021 பெப்ரவரி வரைக்கும் கட்டாயத் தகனத்தால் பட்ட வேதனை தனி. கடைசி மூச்சுக்குப் பக்கத்தில் நின்றவர் தாதி. கண்ணை மூடிவிட்டவர் தாதி. மகளும் பேரனும் நிற்க வேண்டிய இடத்தில் அவர் நின்றார். ஆனால் அவருக்குத் துடக்கு இல்லை, எட்டு இல்லை, அந்தியேட்டி இல்லை. அடுத்த நாள் பின்னேரம் டியூட்டி இருந்தது. உங்கள் அக்காவும் இப்படி எத்தனை பேரின் செத்தவீட்டை உள்ளே வைத்திருக்கிறார் என்று ஆரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

"போரையே கண்ட சனம்" என்று எழுதினீர்கள். ஊரில் எல்லாரும் சொல்வதுதான். 1987 ஒக்டோபர் 21இல் யாழ்ப்பாணப் பெரியாஸ்பத்திரிக்குள் இந்திய இராணுவம் புகுந்து சுட்டபோது நோயாளிகளோடு மருத்துவர்களும் தாதியரும் ஊழியர்களும் செத்தார்கள். அதற்குப் பிறகும் அந்த ஆஸ்பத்திரி நடந்தது. அந்தத் தலைமுறையில் சிலரோடு நானும் வேலை செய்திருக்கிறேன், அவர்களின் உறுதிக்கு முன் தலை குனிகிறேன். ஆனால் போரில் சனம் ஒன்றாக இருந்தது. பங்கருக்குள் அயலவரோடு நெருக்கிக்கொண்டு இருந்தார்கள், ஒரே பானையில் கஞ்சி காய்ச்சினார்கள், ஆபத்து வெளியில் இருந்து வந்தது. கொரோனாவில் பக்கத்தில் நிற்கிற ஆளே ஆபத்து, உங்கள் மூச்சே உங்கள் பிள்ளைக்கு ஆபத்து. எங்களுக்குப் பழக்கமான ஒரே மருந்து கூடியிருப்பதுதான், அதுதான் தடைசெய்யப்பட்டிருந்தது. அதைவிட, முன்பட்ட காயம் அடுத்த காயத்துக்குக் காப்பு என்று நினைப்பது பிழை. முன்பு பெரிய அதிர்ச்சியைக் கண்டவர்களுக்கு அடுத்த அதிர்ச்சியில் மனவடு, அதாவது அதிர்ச்சி மனதில் விட்டுப்போகும் ஆறாத காயம், வரும் வாய்ப்புக் கூடுதல் என்பது பல நாட்டு ஆய்வுகளில் திரும்பத் திரும்பக் கண்டது. போர் முடிந்த 2009இல் அக்கா எங்கே இருந்தார் என்று நீங்கள் எழுதவில்லை. அவரோடு கதைப்பவர் அதையும் கேட்பது நல்லது.

இப்போது ஏன் என்பதற்கு வருகிறேன். தேவை இருக்கும் வரை மனிதர் தாங்குவார்கள், தேவை தீர்ந்த பிறகு தளர்வார்கள். பிள்ளைக்குக் காய்ச்சல் மாறிய அடுத்த நாள் தாய் விழுந்து படுப்பதைப் போல. மனவடு நோய் சம்பவம் நடந்து ஆறு மாதத்துக்குப் பிறகுதான் முழுதாக வெளிப்படக்கூடும் என்பதும் மருத்துவத்தில் ஏற்கப்பட்டது. எங்கள் நாட்டில் இன்னொன்றும் நடந்தது. கொரோனா ஓய்ந்த கையோடு 2022இல் பொருளாதாரம் விழுந்தது. தாதியர் பெற்றோல் வரிசையில் நின்றுவிட்டு டியூட்டிக்கு வந்தார்கள், மருந்து இல்லை என்று நோயாளிக்குச் சொல்ல வேண்டி வந்தது, கூட நின்றவர்கள் ஒவ்வொருவராக வெளிநாடு போனார்கள். மிஞ்சியவர்களுக்கு மூச்சு விட ஒரு மாதம் கிடைக்கவில்லை. ஆகவே அக்காவின் களைப்பு பழையது மட்டும் என்று நினைக்க வேண்டாம், மேலே மேலே ஏறியது.

இது மனநோயா? மூன்று சாத்தியங்கள் என் மனதில் வருகின்றன, ஒன்றோடு ஒன்று கலந்தும் இருக்கலாம். வேலையால் வரும் முழுத் தளர்ச்சி ஒன்று. உடலும் மனமும் வற்றிப்போவது, நோயாளி மேல் பற்று விட்டுப்போவது, தான் செய்வதில் பயன் இல்லை என்று தோன்றுவது அதன் அடையாளம். உலக சுகாதார நிறுவனம் 2022இல் நடைமுறைக்கு வந்த தன் வகைப்பாட்டில் இதை நோய் என்று சொல்லவில்லை, வேலையோடு சேர்ந்த நிலைமை என்றே சொல்கிறது. அதன் மருந்தும் பெரும்பாலும் வேலை இடத்தில்தான் இருக்கிறது. அடுத்தது மனச்சோர்வு நோய். இது லீவு எடுத்தாலும் கூடவே வரும், பிடித்த எதிலும் பிடிப்பு இருக்காது, விடியப்புறம் விழிப்பு வரும், சாப்பாடு இறங்காது. மூன்றாவது நெருக்கீட்டுக்குப் பிற்பட்ட மனவடு நோய். நடந்தது இப்போதும் நடப்பதுபோல் வந்து போகும், அதை நினைவூட்டும் இடத்தையும் ஆளையும் தவிர்ப்பார்கள், எந்நேரமும் ஏதோ வரப்போகிறது என்று உடல் விறைத்து நிற்கும். டியூட்டி நாளில் மட்டும் சத்தி என்பது முதலாவதையோ மூன்றாவதையோ நினைக்க வைக்கிறது. ஆனால் இரத்தச் சோகை, தைரோயிட், மாதவிடாய் நிற்கும் காலம், கொரோனா வந்து போனபின் நீடிக்கும் களைப்பு எல்லாமே இப்படித் தோற்றம் காட்டும். முதலில் இரத்தப் பரிசோதனை செய்யச் சொல்லுங்கள். "நெஞ்சடைக்குது, தலையிடி, யோசனை" என்று வருகிற எங்கள் ஆக்களுக்கு உடம்பைப் பார்ப்பது மரியாதையும் கூட. அதற்குப் பிறகு மனதைப் பற்றிக் கேட்டால் மறுக்க மாட்டார்கள்.

நீங்கள் கேட்காத ஒன்றைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. தாதியரைப் பற்றியும் மருத்துவர்களைப் பற்றியும் எல்லாரும் கேட்கிறார்கள். பிரேதத்தைச் சுற்றிக் கட்டிய சிற்றூழியரை, அம்புலன்ஸ் சாரதியை, ஒப்பந்தத்தில் வந்து விடுதி கூட்டிய அம்மாவை ஆரும் கேட்கவில்லை. அப்படி ஒரு அண்ணை என்னிடம் மூன்று தரம் வந்தார். சோறு பிசையும்போது கையில் ரப்பர் மணக்கிறது என்றார், கரண்டியால் சாப்பிடப் பழகியிருந்தார். நாலாம் தரம் வரவில்லை, டியூட்டியை மாற்றித் தர ஆள் இல்லையாம். அந்த அண்ணையை இன்றைக்கும் நினைப்பேன்.

என்ன உதவும் என்பதில் நேர்மையாக இருக்க வேண்டும். 2020 நவம்பரில், மருத்துவ ஆய்வுகளைச் சேர்த்து மதிப்பிடும் கொக்ரேன் அமைப்பு, தொற்றுக் காலத்தில் ஊழியர்களின் மனநலத்துக்குச் செய்யப்பட்ட உதவிகளை எல்லாம் திரட்டிப் பார்த்தது. இது நிச்சயம் பலன் தரும் என்று சொல்லும் அளவுக்கு எதற்கும் வலுவான ஆதாரம் கிடைக்கவில்லை. அப்போது ஆதாரம் மெல்லியது என்பதுதான் அதன் அர்த்தம், எதுவும் உதவாது என்று எடுக்கக் கூடாது. மனச்சோர்வுக்கும் மனவடு நோய்க்கும் உள்ள பொதுவான சிகிச்சைகள் நன்றாகச் சோதிக்கப்பட்டவை, அவை அக்காவுக்கும் பொருந்தும். உதவாது என்று தெரிந்தது ஒன்று உண்டு. எல்லாரையும் ஒருநாள் கூப்பிட்டு, நடந்ததை முழுக்கச் சொல்லவைத்து, அதோடு அனுப்பிவிடும் ஒற்றை அமர்வு. அது மனவடுவைத் தடுக்கவில்லை, சிலருக்குத் தீங்கும் செய்தது. ஆகவே அக்காவை இருத்தி வைத்து எல்லாவற்றையும் கொட்டு என்று வற்புறுத்த வேண்டாம்.

நான் கண்டு நம்புவது சின்னச் சின்ன விஷயங்களை. ஒரு விடுதியில் பொறுப்புத் தாதி ஒவ்வொரு வெள்ளியும் தேத்தண்ணி நேரத்தில் கதவைச் சாத்திவிட்டு, "இந்தக் கிழமை எது மனசை விட்டுப் போகேல்லை?" என்று மட்டும் கேட்பார். சொல்பவர் சொல்லலாம், சும்மா இருப்பவர் இருக்கலாம். அந்த விடுதியில் இருந்து என்னிடம் வந்தவர்கள் மிகக் குறைவு. மேலே சொன்ன பாண் ஓட்டோத் தாதி, ஐயா செத்த திகதியில் முதியோர் இல்லம் ஒன்றில் மத்தியானச் சாப்பாடு கொடுத்தார். ஒரு கத்தோலிக்கத் தாதி மரித்தோர் தினமான நவம்பர் 2இல் கட்டில் இலக்கங்களை எழுதிக் கொடுத்துப் பூசை ஒப்புக்கொடுத்தார், பெயர்கள் அவருக்கு நினைவில்லை. இதற்கு ஆய்வு ஆதாரம் கேட்டால் என்னிடம் இல்லை. ஆனால் அதற்குப் பிறகு இருவரும் நித்திரை கொண்டார்கள் என்பதைக் கண்ணால் கண்டேன்.

நீங்கள் அங்கிருந்து செய்யக்கூடியது இது. நைட் டியூட்டி முடித்து அவர் வீட்டுக்கு வரும் காலை எட்டு மணி உங்களுக்கு இரவு பத்து மணியளவில் இருக்கும், அப்போது எடுங்கள். வீராங்கனை என்று சொல்ல வேண்டாம், அந்தச் சொல் அவரை அழவிடாது. "அந்த விடுதியில ஆரையாவது இப்பவும் நினைவிருக்கா அக்கா?" என்று கேட்டுவிட்டு, பதில் வரும்வரை பேசாமல் இருங்கள். வாழப் பிடிக்கவில்லை என்ற மாதிரி ஏதாவது வந்தால், சாக வேண்டும் என்று நினைக்கிறாயா என்று நேரே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் வராது, இருந்தால் பாரம் குறையும். ஓம் என்றால் அன்றைக்கே ஆராவது கூட இருக்க வேண்டும், அன்றைக்கே வைத்தியரிடம் போக வேண்டும். நித்திரைக் குளிசை தானாக எடுக்கிறாரா என்றும் கேளுங்கள். ஆஸ்பத்திரி ஆக்களுக்குக் கைக்கெட்டிய தூரத்தில் இருப்பதால் எடுத்துப் பழகிவிடுவார்கள், சில கிழமைகளில் அது இல்லாமல் கண் மூடாது. வேலையை விடுவது பற்றி இப்போது முடிவெடுக்க வேண்டாம், காசு அனுப்புகிறேன் விட்டுவிடு என்று நீங்களும் அவசரப்படுத்த வேண்டாம். மருத்துவ லீவும், கொஞ்சக் காலம் நைட் டியூட்டி இல்லாத இடமும் முதலில் கேட்கட்டும்.

தெரிந்த ஆக்கள் இருக்கிற இடத்தில் மனநலக் கிளினிக்குக்குப் போக வெட்கப்படுவார், அது நியாயம். தான் வேலை செய்யும் ஆஸ்பத்திரியை விட்டு வேறொன்றுக்குப் போகலாம். பெரியாஸ்பத்திரியிலும் தெல்லிப்பளை ஆஸ்பத்திரியிலும் மனநலப் பிரிவுகள் உண்டு. கதைக்க மட்டும் என்றால் சாந்திகம் போன்ற உளவளத்துணை நிலையம் இருக்கிறது. இரவில் தாங்க முடியாமல் வந்தால் தேசிய மனநல நிறுவகத்தின் 1926க்குத் தமிழிலேயே எடுக்கலாம்.

பழையபடி வருவாரா என்பதற்கு, என்னிடம் வந்தவர்களில் பெரும்பாலானோர் வேலைக்குத் திரும்பினார்கள் என்று சொல்வேன். சிலர் வேறு பிரிவுக்கு மாறினார்கள், இரண்டு பேர் வேலையை விட்டு நிம்மதியாக இருக்கிறார்கள். அம்மா நல்லூருக்கு நேர்த்தி வைத்திருக்கிறா என்று எழுதியிருந்தீர்கள். வைக்கட்டும். அதே கலண்டரில் அக்காவின் கிளினிக் திகதியையும் குறிக்கச் சொல்லுங்கள். வைத்தியர் மருந்து தொடங்கினால், அது வேலை செய்வது தெரிய இரண்டு முதல் நாலு கிழமை ஆகும். முதல் பத்து நாளில் ஒரு மாற்றமும் இல்லை என்று அக்கா குளிசையை நிறுத்தப் பார்ப்பார். அந்த நாட்களில் நீங்கள் தினமும் எடுங்கள்.